போட் ஏறி வந்த சந்தேகம்

போர்ட் பிளேரில் உட்கார்ந்து, தீவுகளின் சிறு கடைக்காரர்களுக்காக நான் ஒரு மென்பொருள் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துபோனது, அடுத்த போட்டில் எதையெல்லாம் வரவழைக்க வேண்டும் என்று அது சொல்லும். இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து நிரலைத் திருத்தலாம், திருத்தியதை ஊருக்கும் கொடுக்கலாம். இவ்வளவு தாராளமாகக் கதவைத் திறந்து வைத்தும் உள்ளே வந்தவன் கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பன் ஒருவன்தான். அவனும் நிரலைவிட என்னைத் திருத்துவதில்தான் குறியாக இருக்கிறான்.

பயனர்கள் என்று பார்த்தால் என் மச்சான் தன் கணினியில் போட்டு வைத்திருக்கிறான். என் வாயை அடைக்க அதுதான் சுலபமான வழி என்று என் மனைவியிடம் சொன்னானாம். அவனுக்குக் கடையே கிடையாது. நிஜமான கடையில், நிஜமான பருப்புக்கும் சோப்புக்கும் இதைப் பயன்படுத்தியவர் பிளேரிலிருந்து போட்டில் போக வேண்டிய லாங் ஐலண்ட் தீவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. போட் ஏறும் ஜெட்டியில் டிக்கெட் வரிசையில் நின்றபோது என் மனைவிக்குப் பழக்கமானவர். கம்ப்யூட்டரெல்லாம் எதற்கு என்று கணவர் முறைத்துக்கொண்டிருக்க, பிடிவாதமாக ஒன்றை வாங்கிக் கடையில் வைத்தவர்.

இந்த மாபெரும் பயனர் கூட்டம் சந்தேகம் கேட்க எங்கே வருவது என்று நானும் நண்பனும் பல ஞாயிற்றுக்கிழமைகள் விவாதித்தோம்.

“உன் போன் நம்பரைத் தராதே. ஒருத்தருக்குச் சொல்ற பதில் அவரோட போயிடும். நெட்ல எல்லாரும் பாக்குற மாதிரி ஃபோரம் வச்சா நாளைக்கு அதே சந்தேகம் வர்றவன் தேடி எடுத்துக்குவான்” என்றான் நண்பன்.

“வாட்ஸ்அப் குரூப்?”

“காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வரும். நடுவுல கேள்வி காணாமப் போகும்.”

நியாயம்தான். ஃபோரம் திறந்தோம். மின்னஞ்சல் குழு ஒன்று, அரட்டை அறை ஒன்று, பிழைகளைப் பதிய ஒரு பக்கம் என்று ஆசைக்கு மேலும் சில திறந்தோம். ஃபோரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன், அவன் பதில் சொன்னான். நன்றி என்று எழுதினேன். அதன்பின் அங்கே ஈ காக்கை இல்லை.

மக்களுக்கு வழி தெரியவில்லை போலும் என்று எனக்கு ஒரு ஞானம் உதித்தது. மென்பொருளைத் திறந்ததும் ‘உதவி தேவையா? இங்கே வாருங்கள்’ என்று ஓர் அறிவிப்பு வரும்படி செய்தேன். வழிகளை நாங்கள் வாரத்துக்கொரு முறை மாற்றிக்கொண்டிருந்ததால், அறிவிப்பு அவற்றை அவ்வப்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். புதிய பதிப்பை ஒரு பென்டிரைவில் போட்டு அக்காவுக்கும் கொடுத்தனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து மனைவி தன் போனை நீட்டினாள். “லீஜியே, பிடிங்க, உங்க ஆபீஸ் கால்.”

மறுமுனையில் அக்கா. “தம்பி, பொட்டியத் தொறந்தா வெள்ளையா அப்படியே நிக்குது. ஒண்ணும் வரமாட்டேங்குது.”

கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. “அக்கா, இதை ஃபோரத்துல போட்டீங்கன்னா...”

“அது எங்க இருக்கு?”

“நெட்லக்கா.”

“இங்க நெட்டு இருந்தா நான் ஏன் தம்பி உங்க வீட்டுக்காரிக்குப் போன் போடப் போறேன்?”

இந்தப் பதிலிலேயே விடை இருந்தது. புத்திசாலி எவனும் பிடித்திருப்பான். நான், “அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்கக்கா” என்றேன்.

எங்கள் தீவுகளில் மிக்சியோ ஃபேனோ எது கெட்டாலும் தெரிந்தவர் கையில் கொடுத்து பிளேருக்கு அனுப்புவதுதான் வழக்கம். அக்காவும் அதையே செய்தார். மூன்றாம் நாள் பிளேரின் பத்துபஸ்திப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெங்காலி மீன் வியாபாரி நின்றார், பழைய போர்வை சுற்றிய சிபியுவைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு.

“லோ பாயி, ஆப்கா பேஷண்ட்” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பேஷண்டிடம் மீன் வாடை அடித்தது. மேசையில் வைத்து இயக்கினேன். மென்பொருள் உடனே திறந்தது. உதவிக்கான வழிகள் அழகாக வரிசையில் வந்து நின்றன. தூசி தட்டி, பெரிய வைத்தியம் பார்த்த முகத்துடன் அடுத்த போட்டில் திருப்பி அனுப்பினேன்.

லாங் ஐலண்டில் மறுபடியும் வெள்ளை. சிபியு மறுபடியும் போட் ஏறியது. அதற்கு முன்னால் அக்காவின் போன் வந்தது.

“தம்பி, இதான் கடைசி. வெள்ளிக்கிழமை போட்டுல வந்து தொறக்கலைன்னா, கோழிக்கூண்டுத் தகரம் காத்துல பறக்காம இருக்க அதுமேல தூக்கி வச்சுருவேன்னு அவுக சொல்லிட்டாக. நான் ஆசைப்பட்டு வாங்குனது தம்பி.”

வியாழக்கிழமை சாயங்காலம். சிபியு என் மேசையில் ஒரு குறையுமின்றித் திறந்து திறந்து என்னைப் பழித்தது. நண்பனை வீடியோவில் பிடித்து, “பாரு, நல்லாத்தானே இருக்கு” என்று காட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தபடியே அவன் முகம் உறைந்தது. மழைக்கு எங்கள் தெருவில் நெட் போய்விட்டது.

சும்மா இருக்க மாட்டாமல் மென்பொருளை இன்னொரு முறை திறந்தேன். வெள்ளை! சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளை!

அறிவிப்பு இணையத்திடம் உதவிக்கான வழியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துக் காத்திருந்தது. லாங் ஐலண்டில் அது எந்தக் காலத்திலும் வராது. நான் எழுந்து குதித்தேன்.

“நெட் போனதுக்கு இத்தனை குஷியா? இந்த பிளேர்லயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள் மனைவி.

அறிவிப்பைப் பிடுங்கி எறிந்தேன். விடிந்ததும் ஜெட்டிக்கு ஓடி, சிபியுவை ஏற்றிவிட்டேன். நெட் வந்ததும் நடந்ததையெல்லாம் அக்காவின் கேள்வியாக ஃபோரத்தில் எழுதினேன். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார். மெயின்லேண்டில் ஏதோ மலைமேல், நெட் எட்டாத கடையாம்; ஊருக்கு இறங்கி வந்தபோது தேடிப் பார்த்தாராம். அவருக்கும் வெள்ளையாம், யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருந்தாராம். நண்பன் ஆனந்தத்தில் எனக்கு ரோஜாப்பூ அனுப்பினான். இனி அக்காக்கள் போனில் கேட்கலாம், அதை நான் ஃபோரத்தில் எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்தோம்.

அன்று மதியமே மனைவியின் போன் அடித்தது.

“தொறந்துருச்சு தம்பி! ஆர்டரும் போட்டாச்சு. காலையிலருந்து அவுகதான் ஸ்டூலப் போட்டு உக்காந்து, பால் டின் எத்தனை, பிஸ்கட் எத்தனைன்னு அமுக்கி அமுக்கிப் பாக்குறாக. அவுகளுக்கு ஏதோ சந்தேகமாம். குடுக்கவா?”

தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணன் வந்தார். “தம்பி, இதுல மேல கடை ஓனர்னு இவ பேருதான் வருது. என் பேர எங்க போடணும்?”

பின்னாலிருந்து அக்காவின் குரல்: “அதுக்கு வழியில்லைன்னு சொல்லுங்க தம்பி!”

வழி இருந்தது. இரண்டாவது பக்கத்தில், ஒரே ஒரு கட்டம். ஆனால் எனக்கு வாய்த்த முதல் உண்மையான பயனர் அக்காதான்.

“அண்ணே, இந்த மாதிரி பெரிய கேள்வியெல்லாம் நீங்க ஃபோரத்துலதாண்ணே கேட்கணும்” என்றேன்.