நூல்கண்டுக்கு அடியில் ஒரு மாத்திரை

கோட்டையூர் பர்வீன் பானுவுக்கு இப்போதெல்லாம் வாயைத் திறக்கும் வேலையே இல்லை. அவளுக்கும் சேர்த்துப் பேச, வீட்டுக்காரர் ஜியாவுதீன் மலேசியாவிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம் என்று தனியாக அலைந்த மனுஷிக்கு, செக்காலையில் இருக்கும் டாக்டரைப் பார்க்கத் துணை வேண்டுமாம்!

காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரையை அவரே உரித்துத் தண்ணீரோடு நீட்டுவார். விழுங்கும்வரை நகரமாட்டார். அப்படியும் பானுவுக்கு உடம்பு வீங்கி, படியேறக்கூட முடியாமல் போயிற்று. ரத்தப் பரிசோதனையிலும் தைராய்டு சரியில்லை. மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்று டாக்டர் கேட்டபோது, ஒருநாள்கூடத் தவறவில்லை என்று ஜியாவுதீனுக்குக் கோபம் வந்துவிட்டது.

தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் இன்னொரு மாத்திரை அட்டை இருந்தது அவருக்குத் தெரியாது. கர்ப்பப்பையை எடுத்த பிறகு உடம்பெல்லாம் எரிந்து, தூக்கம் போய், பித்துப் பிடித்தவளாய்க் கிடந்தாள் பானு. லேடி டாக்டர் கொடுத்த ஹார்மோன் மாத்திரைதான் அவளை எழுப்பி நடமாட விட்டது. ஆனால் ஜியாவுதீனின் அக்கா லத்தீபா மார்புப் புற்றுநோயில் போனவர். அப்படியொரு மாத்திரைதான் அக்காவைக் கொன்றது என்பது அவர் முடிவு. யார் சொன்னாலும் மாறாது.

அடுத்த தடவை போனபோது, வேறு மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டார் டாக்டர். ஜியாவுதீன் இல்லையென்று முந்துவதற்குள் பானு சொல்லிவிட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. அதைச் சாப்பிட்டால் தைராய்டு மாத்திரை கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்று அளவைக் கூட்டி எழுதினார். "அதை நிறுத்துறதா இருந்தா எங்கிட்டச் சொல்லணும். இதையும் குறைக்கணும். இல்லைன்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்."

அது எங்கே இருக்கிறதென்று பஸ்ஸிலேயே ஜியாவுதீன் கேட்டுத் தெரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் டிராயரைத் திறந்து அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்க அக்காவை மண்ணுக்குக் கொடுத்தது போதும்."

அவர் குரல் உடைந்திருந்தது. ஆத்திரம் தீரத் திட்டவும் முடியவில்லை பானுவால். அதுதான் கொடுமை.

மறுநாள் காலையில் அளவு கூட்டிய புது மாத்திரையோடு வந்து நின்றார்.

"அதைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு இதை மட்டும் நீட்டுறீக," என்றாள் பானு. "டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"முழுங்கு, பானு."

தம்ளர் வாயருகே வந்தது. சட்டைப் பைக்கு மேலே அட்டையின் ஓரம் தெரிந்தது. பானு வாயை இறுக மூடிக்கொண்டாள். அவர் நகரவில்லை.