மக்ரூன் மலைத்தொடர்

போன வாரம் நான் இலங்கையை மிதித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ரெஜினாவிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். "மாடியில போட்டிருங்க அண்ணாச்சி" என்றாள். தோளில் சுமந்துகொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, தரையில் காலை வைத்தேனோ இல்லையோ... மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"மாமா, சிலோன்ல நிக்கீங்க."

குனிந்து பார்த்தேன். மாடி முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. ஒரு கைப்பிடிச் சுவர் ஓரம் ஆப்பிரிக்கா. எதிர்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சிங்கப்பூர். நடுவில் நம் நாடு. அதன் காலடியில் நான் — ஏணியோடு.

ரெஜினாவின் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினீயர். போன வருடம் குடும்பத்தையும் கூடவே கப்பலில் கூட்டிப் போனார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால் இங்கே பள்ளிக்கூடத்தில் பாதி வருடம் முடிந்திருந்தது. "ஜூன் மாதம் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை சும்மா இருக்க முடியுமா? ரெஜினாவே டீச்சர் ஆகிவிட்டாள். மூத்தவள் பிளேவியாவுக்குப் பதின்மூன்று வயது. நடுவில் ஜெரோம், ஒன்பது. கடைக்குட்டி போஸ்கோவுக்கு ஐந்து.

மூன்று வயசுக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் பாடம் நடத்துகிறாய் என்று கேட்டேன்.

"பாடம் ஒண்ணுதான் அண்ணாச்சி, வேலதான் வேற வேற" என்றாள். "கல்யாண வீட்டுல சின்னது சந்தனம் நீட்டும், பெருசு பந்தி பாக்கும். அது மாதிரிதான்."

போஸ்கோவின் வேலை, அடுக்களைச் சாமான்களை அதனதன் ஊரில் கொண்டு வைப்பது. ஏலக்காய் கேரளாவில். கிராம்பு ஆப்பிரிக்காக் கரையில். ஜெரோமின் வேலை, திசையும் வழியும். இந்த வரைபடம் நிஜத் திசைப்படியே வரைந்தது. நிமிர்ந்தால் கிழக்கே நிஜக் கடல், குனிந்தால் அதே பக்கம் சுண்ணாம்புக் கடல். பிளேவியாவுக்கு மணிக்கணக்கும் காற்றும் மழையும். அப்பா சட்டையிலிருந்து விழுந்த நீலப் பித்தான் ஒன்று கடலில் கிடந்தது. அதுதான் கப்பல். அவர் போன் பண்ணும்போதெல்லாம் அது நகரும். அன்றைக்குச் சிங்கப்பூரில் நின்றது.

மலைகள்? அங்கேதான் நான் அசந்துபோனேன். எல்லாம் மக்ரூன். முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட, வெள்ளை வெளேரென்ற எங்கள் தூத்துக்குடி பேக்கரி மக்ரூனைத் தின்றவர்களுக்குத் தெரியும், அது பிறக்கும்போதே கூராகச் சிகரம் வைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. மேற்கே ஒரு வரிசை, மேற்குத் தொடர்ச்சி மலை. வடக்கே ஒரு குவியல், இமயம். பாடம் தொடங்கும்போது அடுக்கி, முடிந்ததும் டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். காக்கா விரட்டுவதும் பாடத்தில் சேர்த்தி.

நான் படித்த பூகோளம் ஞாபகம் வந்தது. ஆற்றுப் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தோம். ஒரு ஆற்றையாவது பார்த்தோமா?

சரி, சந்தோஷமாக இறங்கி வரலாம் என்று பார்த்தால் ரெஜினாவின் முகம் சரியில்லை.

"ஞாயித்துக்கிழம அத்தான் வாராங்க அண்ணாச்சி. பயமா இருக்கு."

அத்தான் என்றால் அவள் வீட்டுக்காரரின் அண்ணன். பாளையங்கோட்டையில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வீட்டில் இருந்து கெட்டுப்போகிறார்கள் என்பது அவர் கட்சி. தெரிந்த பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகள் இரண்டுக்கும் ஹாஸ்டல் இடம் பேசி வைத்துவிட்டார். வந்து பூகோளத்தில் கேள்வி கேட்பாராம். பதில் தெரியாவிட்டால் அன்றைக்கே கையோடு கூட்டிப் போய்விடுவாராம்.

"அவுகளும் கடல்ல. இதுகளும் போயிட்டா இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?" என்றாள். குரல் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து உட்காருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். வெள்ளை வேட்டி, நரைத்த பெரிய மீசை, கக்கத்தில் சுருட்டிய இந்தியா மேப். ஹாலில் தெற்குச் சுவர் ஆணியில் அதை மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, "ஏலே, அந்தச் செம்பக் கொஞ்சம் மேக்க நகட்டி வையி, தட்டிரும்" என்றார். ஜெரோம் வலது பக்கமாக நகர்த்தி வைத்தான். எங்கள் பக்கத்தில் செம்புக்கும் திசை உண்டு. பந்தியில்கூடக் கொஞ்சம் தெற்கே தள்ளி உட்காரச் சொல்வோம்.

"கிழக்கக் காட்டு பாப்போம்" என்றார்.

இதைவிட லேசான கேள்வி உண்டா? ஜெரோம் யோசிக்கவே இல்லை. மேப்புக்கு இடது பக்கம், கடலைப் பார்த்து இருந்த ஜன்னலைக் காட்டினான்.

"மேப்புல காட்டுலே."

மறுபடியும் ஜன்னல்.

பெரியவர் ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தார். "எடது வலது கூடத் தெரியல. இதுக்குத்தான் வீட்டுல வச்சிருக்கியா?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். பிளேவியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் வாயைத் திறக்கலாமா வேண்டாமா...

ஜெரோம்தான் திறந்தான். "பெரியப்பா, ஒங்க மேப்புல நம்ம கடல் மேக்க கெடக்கு."

"என்னலே சொல்லுத?"

"நீங்க செம்ப மேக்க வைக்கச் சொன்னீங்க, நான் இந்தப் பக்கந்தான வச்சேன்? ஒங்க மேப்புல கிழக்கும் இதே பக்கந்தான் இருக்கு. அப்ப எது சரி?"

சொல்லிவிட்டு நாற்காலி போட்டு ஏறி மேப்பைக் கழற்றினான். தரையில் விரித்தான். ஒரு சுற்றுச் சுற்றி, வங்காள விரிகுடாவை ஜன்னல் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினான். "இப்பச் சரியா இருக்கு" என்றான்.

பெரியவர் செம்பைப் பார்த்தார். மேப்பைப் பார்த்தார். ஜன்னலையும் பார்த்தார். வருடக்கணக்காகச் சுவரில் மாட்டியே பாடம் நடத்தியவர், முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தார். மேப்பின் மேல் கையை வைத்து வங்காள விரிகுடாவைத் தடவிப் பார்த்தார்.

"வேற என்ன படிச்சீங்க?" என்று கேட்டபோது குரலில் பழைய விறைப்பு இல்லை.

மாடிக்குக் கூட்டிப் போனார்கள். மலைகள் அடுக்கப்பட்டன. சிங்கப்பூரிலேயே நின்ற பித்தானைக் காட்டி, "அப்பாவுக்கு இப்ப மணி என்ன?" என்று பிளேவியாவைக் கேட்டார். அவள் வாட்சைப் பார்த்து இரண்டரை மணி நேரம் கூட்டிச் சொன்னாள். "இப்ப ராத்திரிச் சாப்பாடு முடிச்சிருப்பாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"தூத்துக்குடியில ஏன் இவ்வளவு உப்பு வெளையுது?"

இதற்கு அவள் வாயைத் திறக்குமுன் போஸ்கோ குறுக்கே பாய்ந்தான். கையில் ஒரு உருண்டை பஞ்சு. "இது மேகம் பெரியப்பா" என்று அரபிக் கடலிலிருந்து தரையோடு தள்ளிக்கொண்டு வந்தான். மக்ரூன் வரிசையில் முட்டியது. நின்றுவிட்டது.

"மலை மறிக்குது. மழையெல்லாம் அந்தப் பக்கமே பேஞ்சிரும். நமக்கு வெயிலுதான். அதான் உப்பு."

"அப்ப நடுவுல இந்த ஒரு இடத்துல மட்டும் மலையக் காணுமே?"

போஸ்கோ அக்காவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அது பாலக்காட்டுக் கணவாய். நான் தின்னுட்டேன்."

நடந்தது இதுதான். முதல் நாள் பாடத்திலேயே பயல் ஒரு மலையை விழுங்கிவிட்டான். அடி விழும் என்று எல்லோரும் பார்க்க, பிளேவியா குனிந்து இடத்தைப் பார்த்திருக்கிறாள். ஏறக்குறைய சரியான இடத்தில்தான் தின்றிருக்கிறான். அன்றிலிருந்து அது அவன் கணவாய். பஞ்சு அதற்குள் மட்டும் புகுந்து போகலாம்.

"எல்லா மலையையும் தின்னுட்டா?" என்றார் பெரியவர்.

"மேகம் நேரா இங்கன வந்துரும். உப்பெல்லாம் கரைஞ்சிரும். அதான் அம்மா திங்க விட மாட்டேங்கா." கொஞ்சம் நிறுத்தி, "பெரியப்பா, அக்காவும் அண்ணனும் போயிட்டா நான் யார்கூடப் பஞ்சு தள்ள?" என்றான்.

கடல் காற்றில் பஞ்சு மட்டும் லேசாக அசைந்தது.

பெரியவர் எழுந்து வேட்டியை உதறினார். "ஹாஸ்டல்ல நாளைக்கே சொல்லிருதேன் ரெஜினா, எடம் வேண்டாம்னு. ஜூன்ல இங்கனயே சேரட்டும்" என்றார். "நல்லா நடத்துத, ஏளா." ரெஜினா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. நல்ல தூசி.

காபி கொண்டுவர எல்லோரும் கீழே ஓடினோம். பெரியவர் மட்டும் மாடியில் இருந்தார் — காக்கா வராமல் பார்த்துக்கொள்வதாக.

திரும்பி வந்தால் இமயமலையில் நாலைந்து சிகரங்களைக் காணோம். எல்லோரும் போஸ்கோவைப் பார்த்தார்கள். நான் இல்லை, நான் இல்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

நான் நம்பினேன். பெரியப்பாவின் மீசையில் பனி ஒட்டியிருந்தது.