அவள் குவைத்திலிருந்து பாடி அனுப்பிய பாட்டு

கண்டியில் இருக்கும் எங்கள் சபை சிறியது. ஞாயிறு ஆராதனைக்குப் புதிய பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. நான் கீபோர்ட் வாசிப்பேன். என் பக்கத்தில் நின்று பாட்டை நடத்தியவள் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்காரி. என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். சனிக்கிழமைகளில் பேராதனைக்கு வந்து, பஸ் மாறி, என் வீட்டுக்கு வருவாள். இருவரும் உட்கார்ந்து அடுத்த பாட்டைத் தயார் செய்வோம்.

புதுப் பாட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து யூடியூபில் வருபவைதான். அவற்றை அப்படியே எடுத்தால் எங்கள் சனத்துக்குப் பாட வராது. சுருதி உயரமாக இருக்கும். நடுவில் வாத்தியங்கள் நீளமாகப் போகும். எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே சுருதியை இறக்குவோம், வாத்தியத்தை வெட்டுவோம். சொற்கள் அவள் பொறுப்பு. ஒரு பாட்டில் பாலைவனத்தில் நடத்தினீர் என்று வந்தபோது, பாலைவனத்தை இங்கே யார் பார்த்தது, மழையில் மண் சரிந்த பாதை என்றால் எல்லாருக்கும் தெரியும் என்று மாற்றிவிட்டாள். கடைசியில் தேத்தண்ணி குடித்த கோப்பைகளைக் கழுவப் போவாள். அப்போது அவள் வாயில் எந்தப் பாட்டு தானாக வருகிறதோ, அதையே எடுத்துக்கொள்வோம்.

அவள் புருஷன் இறந்த மறு வருடம், மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: புதுப் பாட்டு எடுக்கும்போதெல்லாம் பாடி அனுப்ப வேண்டும்.

அனுப்பினேன். சனிக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து, போனை கீபோர்ட் மேல் வைத்துக்கொண்டு பாடுவேன். அவள் எழுத்தில் பதில் போடுவாள். அந்த வீட்டில் வாய்விட்டுப் பாட முடியாது. வெளியே போகவும் விடுவதில்லை. துணிக்கு அயன் போடும்போது வாயை மூடிக்கொண்டு முனகிப் பார்த்ததாக எழுதுவாள். அதைப் படித்த பிறகு, முனகினாலே நிற்கிற மெட்டா என்று பார்த்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். சபைக்குத் தேர்ந்தெடுக்கிறேனா, அவளுக்கா என்று எனக்கே சில வேளை தெரியவில்லை.

போன வருடம் ஒருநாள் அவளிடமிருந்து குரலே வந்தது. குழாயைத் திறந்துவிட்டுப் பாடியிருக்கிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவள் குரல் மெல்லியதாகக் கேட்டது. சொற்களும் மெட்டும் அவளுடையவை. கழுவிக் கவிழ்க்கும் வேலைக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது என்றாள். "சபைல பாட முடியுமான்னு பாருங்கக்கா. சரியில்லனா விட்டுருங்க," என்று கடைசியில் சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அதைக் கேட்டேன். பல்லவி சிறியது. இரண்டாம் அடி நீளம். அதில் மூச்சு எடுக்க இடம் விட்டேன். சரணத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்து ஒன்றாக்கினேன். என் வீட்டுக்கு வழி மறக்காமல் என்னை வைத்திரும் என்ற வரியைத் தொடவில்லை.

எந்தப் புதுப் பாட்டையும் போதகர் ஐயா பார்த்த பிறகுதான் பாடுவோம். அவர் அந்த வரியில் நின்றார். வீடு என்பது பரலோக வீடுதானே, அதை வெளிப்படையாகப் போட்டுவிட்டால் நல்லது என்றார்.

"இல்லங்க ஐயா," என்றேன். "அவ சொல்றது கலஹாவுல இருக்கிற வீட்ட."

அவர் தாளை இன்னொரு தரம் வாசித்தார். "அப்ப அப்படியே இருக்கட்டும்," என்று திருப்பித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டை அறிமுகப்படுத்தியபோது யார் கட்டியது என்று சொன்னேன். அவளுடைய மகளும் மாமியாரும் வந்திருந்தார்கள். முதல் தரம் நான் மட்டும் பாடினேன். இரண்டாம் தரம் பின்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மகளோ தங்கையோ வெளிநாட்டில் இல்லாத வீடு அந்த வரிசையில் குறைவு. வழி மறக்காமல் என்ற இடத்தில் அவர்கள் குரல் ஏறியது. நான் இறக்கி வைத்த சுருதியையும் தாண்டி ஏறியது. மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மகள் கடைசிவரை நிமிர்ந்து நின்று பாடினாள்.

பதிவு செய்து அனுப்பினேன். மூன்று நாட்களாகப் பதில் இல்லை. பிறகு குரல் வந்தது, இந்த முறை தண்ணீர்ச் சத்தம் இல்லாமல், மிகவும் மெதுவாக.

"மூச்சு எடுக்க எடம் விட்டிருக்கீங்க, நல்லா இருக்கு. அக்கா, நான் நிக்கிற எடத்துல இப்ப யாரு நிக்கிறா?"

யாரும் இல்லை என்று எழுதினேன். அது உண்மை. பாட வருகிறவர்களை அந்தப் பக்கம் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சித்திரையில் வருவதாக இருந்தாள். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டதாக மகள் வந்து சொன்னாள். இப்போது டிசம்பரில் வரும் நத்தாருக்குப் பாட்டு தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நல்ல மெட்டு கிடைத்திருக்கிறது. இரண்டு குரல் வேண்டிய பாட்டு. வெட்டிச் சுருக்கி ஒரு குரலுக்கு ஆக்கிவிடலாம். எனக்கு அது பெரிய வேலை இல்லை. இன்னும் செய்யாமல் வைத்திருக்கிறேன்.