ஒழுக வேண்டிய குழாய்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் ஒரே ஒரு முறை கை தட்டுவார். குளியலறையானாலும் ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் சரி, கருவிப் பையைக் கீழே வைத்து ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பார். புது வீடுகளில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று உள்ளிருந்து ஆள் ஓடி வரும். "உங்கள இல்லம்மா, சுவரக் கூப்பிட்டேன்" என்பார். இருபது வருடமாக இப்படித்தான். "இந்த ரூமுக்குச் சளி புடிச்சிருக்கு", "இதுக்கு நல்ல தொண்டை" என்று அறைகளுக்கு நாடி பார்ப்பதும் உண்டு.

தொழில், குழாய் வேலை. வேலை முடிந்ததும் குழாயில் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுவார். குமிழி வந்தால் திருகி இறுக்குவார். அதற்கும் அடங்காவிட்டால் கறுப்பு டேப். ஒரு சொட்டு விழ விடமாட்டார் என்பதால் ஊர் வைத்த பெயர் 'சொட்டு'. "ஊர்ல ஒழுகற ஒரே குழாய் எங்க வீட்டு அடுப்படிக் குழாய்தான்" என்பாள் தையல்காரியான அவர் மனைவி.

ஒன்பது வருடம் முன்பு, தூரத்து நகரம் ஒன்றின் இசை அரங்கில் கைகழுவும் தொட்டியைச் சரிசெய்யப் போனார். உள்ளே யாரோ ஆர்கன் வாசித்தார்கள். சுவர் முழுக்கக் குழாய்கள். அடியிலிருந்து காற்று ஏற, ஒவ்வொன்றும் ஒரு சுரம். ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வீடு திரும்பியதும் சொன்னது ஒன்றே: "இத்தன நாளா குழாய்க்குள்ள தப்பான சாமான ஓட விட்டுட்டேன்டி."

அன்றிலிருந்து தங்கள் ஊர்ப் பொது அரங்கின் ஆண்டுக் கூட்டம் தவறாமல் எழுந்து நின்று, "நம்ம அரங்கத்துக்கும் ஒரு பெரிய ஆர்கன் வேணும்" என்பார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைவியம்மா அதை 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் பத்திரமாக எழுதி வைப்பார். அதோடு சரி. ஆனால் இந்த வருடம் செயலாளரான பல் டாக்டர், மேடையின் பின்சுவரைத் துளைத்துப் பெரிய திரை மாட்டலாம் என்றார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. திரை ஏறிவிட்டால் ஆர்கனுக்கு வேறு இடம் கிடையாது.

"இனிமே பேசிப் பிரயோஜனம் இல்ல. பாட வச்சிடறேன்" என்று சொட்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குள் புகுந்தார். ஒரு மாதத்தில் ஏழு பிளாஸ்டிக் குழாய்கள் தயார். சின்னது விரல் கனம். பெரியது வாசல் நிலையைவிட உயரம். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கீறல், அதுதான் வாய். அடியில் ஆளுக்கொரு திருகு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காற்றுமோட்டார். திருகைத் திறந்தால் பாடும்.

"பக்கத்து வீட்டக்கா நம்ம வீட்ல மாடு வாங்கியிருக்கோமான்னு கேக்கறாங்க" என்றாள் மனைவி.

"மாடு இல்ல, கப்பல்னு சொல்லு."

ஞாயிறன்று இஸ்திரி போட்ட சட்டையோடு மேடை ஏறினார். ஆறு குழாய்கள் குயிலாகக் கூவின. பெரியதைக் கடைசிக்கென்று வைத்திருந்தார். திருகைத் திறந்தார். மோட்டார் மட்டும் முனகியது. மூடித் திறந்தார். ஊஹூம்.

"என்னண்ணே, தண்ணியும் வரல, பாட்டும் வரல!" என்றார் பல் டாக்டர். கூட்டம் சிரித்தது. "அப்ப ஓட்டுக்குப் போயிடலாமா?"

சொட்டின் காது மடல் சிவந்துவிட்டது. கடைசி வரிசையில் இருந்த மனைவிக்கு, கோணல் தையலை எட்டத்திலேயே பிடிக்கிற கண். மேடைப் பக்கமே போகாதவள், விறுவிறுவென்று ஏறி வந்தாள்.

"ஏங்க, காலையில இதுக்குச் சோப்புத் தண்ணி தடவினீங்களா?"

"ஆமா. எல்லாம் முடிஞ்சுதேன்னு இது ஒண்ணுக்கு மட்டும் ஒரு தடவ... வாய்ப் பக்கம் குமிழி வந்துச்சு, அதான் டேப்பு..." பாதியில் அவர் தன் வாயையே பொத்திக்கொண்டார்.

"அது ஒழுகினாத்தாங்க பாடும்!" இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து டேப்பைக் கீறி எறிந்தாள்.

சத்தம் முதலில் உள்ளங்காலில் ஏறியது; பிறகுதான் காதுக்கு வந்தது. தலைவியம்மாவின் பேனா மேசையில் தானாக உருண்டது. பல் டாக்டர் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லெல்லாம் ஆடுதுய்யா" என்றார். தாடையை விடாமலே, "இன்னொரு தடவ திறங்க."

திரை பக்கச் சுவருக்குப் போனது. ஆர்கன் செய்பவர்களுக்குக் கடிதம் எழுதுவதென்று தலைவியம்மா தீர்மானம் எழுதினார், இந்த முறை முதல் பக்கத்தில்.

பெரிய ஆர்கன் இன்னும் வரவில்லை. பின்சுவர் காலியாகத்தான் இருக்கிறது. அதன் முன்னே ஏழு குழாய்களும் நிற்கின்றன. அரங்கத்துப் பாட்டுக் குழு அவற்றோடுதான் சுருதி சேர்க்கிறது. சொட்டு வாரம் ஒரு முறை வந்து, கை தட்டிக் கேட்டுவிட்டு, பெரிய குழாயைத் திறப்பார். அது பாடும்போது வாயிலிருந்து காற்று புஸ்ஸென்று விரலில் படும். உடனே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்வார்.