உருட்டி வந்த வண்டி

ஏட்டு வீட்டுக்கு வரும்போதும் தெருமுனையிலேயே ஸ்கூட்டரை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டுதான் வருவார். "பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறாரு கஞ்சன்" என்பாள் மனைவி. மகளும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் காரணம் கேட்டாள். அவர் ரோந்து போகும் பகுதியில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டாலே பையன்கள் ஓடுவார்களாம். "ஓடுறவனத் துரத்தணும். பிடிச்சா ஏதாவது கேஸ் எழுதணும். சத்தமில்லாம போனா ஓட மாட்டானுங்க, அவ்வளவுதான்."

"என்ன ஏட்டய்யா, இன்னிக்கும் உருட்டா?" என்று பையன்கள் கலாய்ப்பார்கள். யாரையாவது விசாரிக்க வேண்டுமென்றால் ஜீப் போகாது. இவரே பின்சீட்டில் கூட்டிப்போவார், இவரே திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

அதை நம்பித்தான் அங்கே குடியிருந்த வெல்டிங் பட்டறைக்காரன் ஏறி உட்கார்ந்தான். ஒரு கடையை உடைத்தவர்களை அவன் பார்த்திருந்தான். "பார்த்ததச் சொன்னா போதும். இருட்டறதுக்குள்ள நானே கொண்டாந்து விடறேன்" என்று அவன் அக்காவிடம் வாக்குக் கொடுத்தார்.

ஸ்டேஷனில் இறக்கியதும் இன்ஸ்பெக்டர் ஏட்டை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். திரும்பியபோது அவன் உள்ளறையில் இருந்தான். அடி விழும் சத்தம் கேட்டது. ஏட்டு வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். சில நாள் கழித்து அவனை விட்டார்கள். நடந்தே போனான். ஒரு காது போயிருந்தது.

அதன்பின் ஏட்டு அந்தக் குடியிருப்பின் முனைவரை போவார், வண்டியை அணைப்பார், கொஞ்ச நேரம் நிற்பார், திரும்பிவிடுவார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். போன மாதம் இறந்துபோனார்.

மகள் அந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். எதற்கென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. முனையில் அணைத்து உருட்டினாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பட்டறைக்காரனின் அக்காவுக்கு வண்டி அடையாளம் தெரிந்தது.

"ஏட்டு பொண்ணா? ஏம்மா உருட்டிட்டு வர்றே? இப்பல்லாம் யாரும் ஓடறதில்ல. வெளிய நின்னாத்தானே ஓட."

"அப்பா தவறிட்டாருக்கா."

"கேள்விப்பட்டேன்." ஒரு சட்டையை உதறினாள்.

"தம்பி எப்படி இருக்காரு?"

"உள்ளதான் இருக்கான். அந்தக் காது பக்கமா நின்னு கூப்பிடாதே, கேக்காது."

மகள் ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றாள்.

"நான் சண்டைக்கு நிக்கலம்மா," என்றாள் அக்கா, அடுத்த துணியை எடுத்தபடி. "இருட்டறதுக்குள்ள கொண்டாந்து விடறேன்னாரு. முடியலன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம். முனைவரைக்கும் வந்தாரே, பார்த்துட்டுதானே இருந்தோம்."