பதினேழு பேரும் ஒரு பெட்டியும்

நண்டுச் சதை எடுக்கிற தொழிலில் ஒன்பது வருடம் இருந்தால் இரண்டு விஷயங்கள் கையோடு ஒட்டிக்கொள்ளும்: ஒன்று மணம், மற்றது சந்தேகம். சதை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், உள்ளே எங்கேயோ ஒரு ஓட்டுத்துண்டு கிடக்கிறது என்றுதான் விரல் தேடும். பருத்தித்துறைப் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலையில் பதினேழு பெண்களுக்கு நான் மேற்பார்வை. எனக்கு மேலே ஒரு மனேச்சர். மேலே ஒருவரையும் கீழே பலரையும் வைத்துக்கொண்டு நடுவில் நசிபடுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியையாவின் சுட்டுவிரல்

பழைய மனேச்சரைப் பெரியையா என்போம். அவர் விரலை நீட்டினால் அடுப்பு எரியும், மடக்கினால் அணையும். யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கம் இல்லை. ஒருநாள் நண்டு அரைகுறையாக இருக்கும்போதே இறக்கச் சொன்னார்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் அவியோணும்" என்றேன்.

"இஞ்சை நான் மனேச்சரோ, நீ மனேச்சரோ?"

இறக்கினோம். சதை ஓட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அன்றைய நண்டு முழுவதும் வீண். மறுநாள் காலை அறைக்குக் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் கத்தினா நீ திருப்பிக் கத்தியிருக்க வேண்டியதுதானே?"

சீனி கூடின தேத்தண்ணி

அதற்குப் பிறகு கத்தப் பழகினேன். பெரியையாவைப் பார்த்துக் கத்தத் துணிவு வரவில்லை. மேசையில் இருந்த பெண்களைப் பார்த்துத்தான் கத்தினேன். வேலை ஓடியது.

பெரியையா ஓய்வு பெற்றதும் புது மனேச்சர் வந்தார். கொழும்பில் ஏதோ பயிற்சி முடித்தவர், நாற்பது வயதுகூட இராது. வந்த முதல் நாளே கதிரைகளை வட்டமாகப் போட்டு எங்களை இருத்தி, தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "இனி முடிவெல்லாம் எல்லாரும் சேந்துதான் எடுப்பம். உங்கடை அபிப்பிராயத்தைச் சொல்லுங்கோ" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வட்டமாக இருத்தினால் அடுத்தவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது, பாருங்கள்.

பஸ் தரிப்பிடத்தில் மட்டும் எல்லா வாயும் திறந்தது. புத்தூரில் இருந்து வரும் செல்விதான் முடிவாகச் சொன்னாள்: "அக்கா, ஊத்தித் தந்ததும் அவர், சீனியும் கூடிப்போச்சு. ஆரையோ வேலையாலை நிப்பாட்டப் போறார்."

பேர் எழுத வேண்டாம்

யாரை என்பது இரண்டு கிழமையில் தெரிந்தது. ஒரு பிஸ்கட் பெட்டியில் துளை போட்டுச் சுவரில் மாட்டினார். "மேற்பார்வையிலை மலரக்கா தொடரலாமோ? ஓம், இல்லை எண்டு காரணத்தோடை எழுதிப் போடுங்கோ. பேர் வேண்டாம்."

அந்த மலரக்கா நான்தான். மகளின் படிப்பு இந்தப் பொறுப்பில்தான் ஓடுகிறது.

மூன்றாம் நாள் என்னை அழைத்து, பெட்டியில் விழுந்த காகிதத் துண்டுகளை மேசையில் பரப்பினார். ஆறு துண்டுகளில் ஓம். ஆறும் எனக்குத் தெரிந்த கையெழுத்து. ஒவ்வொருத்தியும் தன் தட்டில் பேர் எழுதித்தான் சதை வைப்பாள், ஆகவே ஒவ்வொருத்தியின் எழுத்தும் எனக்கு மனப்பாடம். பதினொரு துண்டுகளில் இல்லை. பதினொன்றும் அழகான, உருண்டையான, ஒரே கை.

ஒருத்தி பதினொன்றைத் திணித்துவிட்டாள், மற்றவர்கள் வட்டத்தில் வாய் திறக்காததுபோலவே துண்டும் போடவில்லை என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். ஆறையும் பதினொன்றையும் கூட்டிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. மனேச்சர் பதினொன்றையும் கிழித்தார். "இது கள்ள வேலை அக்கா. நீங்களே பொறுப்பிலை இருங்கோ."

கொப்பிக் கடை

அந்த ஒருத்தி யார்? பஸ் தரிப்பிடத்தில் முடிவு சொன்னவள் என்பதால் எனக்குச் செல்வி மேல்தான் சந்தேகம். தட்டில் அவள் எழுதுவது கோழிக் கிறுக்கல் என்பதும் தெரியும். வேண்டுமென்றே அழகாக எழுதியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு கிழமை முழுக்க அவளைக் கொடுக்கு உடைக்கிற மேசையில் போட்டேன். விரல் வெடித்து இரத்தம் கசியும் இடம் அது. அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உடைத்துக்கொண்டே இருந்தாள். அதையும் குற்ற ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, அடையாள அட்டையைப் போட்டோக் கொப்பி எடுக்கப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கடைக்குப் போனேன். கடைக்காரி சுகந்தி என் பேரைப் பற்றுச்சீட்டில் எழுதினாள். அழகான, உருண்டையான எழுத்து. அந்தப் பதினொரு துண்டுகளில் இருந்த அதே கை.

"உங்கடை நண்டுக் கொம்பனி ஆக்கள் ஒவ்வொருத்தரா வந்து ஏதோ எழுதுவிச்சுக்கொண்டு போச்சினம்" என்றாள். "தன்ரை எழுத்து அங்கை ஒராளுக்குத் தெரியுமாம் எண்டு எல்லாரும் ஒரே பயம். நீங்களும் எழுதுவிக்கத்தானே வந்தனீங்கள்?"

மறுபடியும் வட்டம்

அன்றிரவு நித்திரையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மேற்பார்வை என்னிடமே இருக்கும். செல்வியின் விரல்களை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை மனேச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுபடியும் கதிரைகளை வட்டமாகப் போட்டார். என் வாயாலேயே சொல்ல வைத்தார். செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

முதல் தடவையாக வட்டத்துக்குள் குரல்கள் எழுந்தன. ஒரு கிழமை நான், மறுகிழமை செல்வி என்று மேற்பார்வையைப் பங்கு போட்டார்கள். சம்மதித்தேன், உள்ளுக்குள் எரிந்தது. கலையும்போது செல்வி, துணி சுற்றிய விரலோடு என் தோளைத் தொட்டாள்.

"கத்துறதெண்டாக் கத்துங்கோ அக்கா, அது பழகிப் போச்சு. ஆர் எழுதினதெண்டு மட்டும் தேடாதேங்கோ."

ஒரு மனேச்சர் யாரையும் கேட்காமல் முடிவெடுத்தார், மற்ற மனேச்சர் எல்லாரையும் கேட்டு முடிவெடுத்தார், ஆனால் பதினொரு பேரைக் கொப்பிக் கடைக்கு ஓட வைத்தவள் நான்தான்.