பெரியவனுக்கு ஓய்வுதான்

மாமா கீழ்த்தாடையைக் கையில் எடுத்தால் கிரிக்கெட் பேச்சு ஆறாம் நம்பருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டர் தாடை. யாரோ ஒருவர் வாயின் அச்சு. முன்பல்லில் தொடங்கிப் பின்பக்கமாக விரலை நகர்த்துவார். "இதுவும் இதுவும் ஓப்பனர். மூணாவது கோரைப்பல், கிழிக்கணும். நாலும் அஞ்சும் சும்மா புடிச்சு நின்னாப் போதும். ஆறு? கடைவாய்ப் பல். மெல்றவன் இவன்தான். இந்த எடத்துல போய் ஆட்டங் கண்ட பல்ல வச்சிருக்கானுங்க."

அவருடைய சொந்த வாயில் அந்த ஆறாவது பல் இல்லை. கீழே, இடப்பக்கம். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்ப்பவர், ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறார். தனக்குக் கட்ட நேரமில்லை. தேர்வுக்குழுவின் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறதே.

மாமா மட்டையைப் பிடித்து ஒரு பந்துகூட ஆடியதில்லை. பள்ளியில் ஸ்கோர் எழுதவாவது சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான். பிடித்த பையனுக்கு நாலு ரன் கூட்டிப் போட்டுவிட்டாராம். சொன்னது அம்மா. அவருடைய அக்கா. பொய் சொல்ல மாட்டாள். குறைத்து வேண்டுமானால் சொல்லியிருப்பாள்.

எங்கள் வீட்டில் பெரியவன், சின்னவன் என்று பேச்சு நடந்தால், புதிதாக வந்தவர்கள் பிள்ளைகளைப் பற்றி என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு நான் ஒரே மகள். மாமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெரியவன் என்பவர் தேசிய அணியில் ஆறாவதாக ஆட வருபவர். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அம்மாவின் ஆள். சின்னவன் அந்த இடம் எப்போது காலியாகும் என்று காத்திருப்பவன். மாமாவின் ஆள். இப்படி இரண்டு பேர் தங்களைத் தத்து எடுத்திருப்பது அந்த இருவருக்குமே தெரியாது.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். மாமா விஷயத்தில் அந்தத் தசை சின்னவனுடையது. அவனுக்குத் தொடை பிடித்துக்கொண்ட வாரம் முழுவதும் மாமா மாடிப்படியில் நொண்டிக்கொண்டே ஏறினார். அம்மாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, நின்றபடியே, "என்ன ஸ்கோரு?" என்று கேட்டார்.

அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தருவது என் வேலை. எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு தப்பும் கருவியை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. பிழையைக் கழித்துக்கொண்டு பயன்படுத்துவோம். மாமா அந்த ரகம். சின்னவன் அடித்தால், "நான் சொல்லல?" அடிக்காவிட்டால், "பிட்ச் அப்படி." பெரியவன் நூறு அடித்தால், "அந்த பௌலிங்குக்கு எங்க வாட்ச்மேன்கூட நூறு அடிப்பாரு."

"அப்ப வாட்ச்மேன் வேலையாவது காலியா இருக்கும். ஒன் சின்னவன அதுல சேத்து விடுடா" என்பாள் அம்மா.

இருவரும் எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பார்கள். தொலைக்காட்சி பக்கவாட்டில் இருக்கும். பார்த்தது பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர்.

போன ஆண்டு ஒரு மாலை அணி அறிவித்தார்கள். பெரியவன் பெயர் இருந்தது. சின்னவன் பெயர் இல்லை. அம்மா கை தட்டினாள். "தண்ணி தூக்கறதுக்குக்கூட ஒன் புள்ளைய எடுக்கலையேடா."

அதில் விஷம் இல்லை. அதைவிட மோசமாகவெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆனால் மாமா டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

"அக்கா, கேட்டுக்கோ. அந்தக் கிழவன் டீம்ல இருக்கற வரைக்கும் நான் இந்த வீட்டு வாசப்படி ஏற மாட்டேன்."

"நீ ஏறாட்டி வாசப்படிக்கு என்னடா நஷ்டம்?"

போய்விட்டார். அதன்பிறகு பேச்செல்லாம் என் போன் வழியாக. "ஒங்கம்மாட்ட சொல்லு, பெரியவன் இன்னிக்கு முட்ட." "ஒங்க மாமாட்ட சொல்லு, அது யாருக்கும் முட்ட போடற பந்துன்னு." நான் சொன்னேன். அஞ்சல்காரி வேலை. இரண்டு தொடர்கள் இப்படிப் போயின. மூன்றாவது தொடங்கும் முன் அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. முன்னறிவிப்பு இல்லை.

அன்று மாமா வந்தார். கேட்டுக்கு வெளியே, வெயிலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவை வெளியே கொண்டுவரும்வரை எழுந்திருக்கவில்லை. "உள்ள வந்து பாக்கக்கூடத் தெம்பில்ல, பாவம். என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவ" என்றார்கள் உறவினர்கள். எனக்குக் காரணம் தெரியும். பெரியவன் அப்போதும் அணியில் இருந்தான்.

போன வாரம் புது அணி வந்தது. பெரியவன் இல்லை. ஆறாம் இடத்தில் சின்னவன். தேர்வுக்குழுத் தலைவர் வழக்கம்போல, "ஓய்வு அளித்திருக்கிறோம்" என்றார். அப்படி ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட எவரும் திரும்பி வந்ததில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே மாமாதான்.

மறுநாள் வேலை முடிந்து நேராக அவருடைய கூடத்துக்குப் போனேன். எனக்கு வேண்டியது அதிகமில்லை. ஒருமுறை உள்ளே வந்து உட்கார வேண்டும். ஒரு நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரெதிரே இரண்டு முடியவில்லை.

பக்கத்து மேசைக்காரர் மெழுகு உருக்கியபடி அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார். "என்னண்ணே, ஒங்க பையன் சேந்துட்டான். ஸ்வீட்டு எங்க?"

"எங்க சேந்தான்? தற்காலிகம். பெரியவனுக்கு ஓய்வு குடுத்திருக்காங்க. அவ்வளவுதான்."

"ஓய்வா? கிழவன வீட்டுக்கு அனுப்புங்கடான்னு காது கிழியக் கத்துனது யாரு, நானா?"

"கத்துனேன். அதுக்கு? அனுபவம்னு ஒண்ணு இல்லையா? பச்சப் புள்ளைய ஆறாம் நம்பர்ல விட்டா டீம் என்னத்துக்கு ஆகும்?"

அது அம்மாவின் வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை.

"மாமா, நீங்க சொன்னதுதான் நடந்திருக்கு. அவர் கதை முடிஞ்சுது. வீட்டுக்கு வாங்க" என்றேன்.

மாமா ஒரு பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அவசரப்படாதம்மா. ரிட்டையர் ஆயிட்டேன்னு அவன் தன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் அவன் டீம் ஆளுதான். நான் ஒரு வாக்கு குடுத்தேன்னா குடுத்ததுதான்."

"யாருக்கு மாமா குடுத்தீங்க?"

பக்கத்து மேசைக்காரர் மெழுகிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. மாமா மேசை விளக்கை அணைத்தார். "ஏறு. கொண்டு போய் விடறேன்."

ஸ்கூட்டரில் வழி முழுவதும் பேசினார். பெரியவனின் தோள்பட்டை, பெரியவனின் பொறுமை, அந்த வயதில் அப்படி யார் ஓடுகிறார்கள். இதில் பாதியையாவது அவள் காதுபடச் சொல்லியிருந்தால் அம்மா ஒரு மாதம் குத்திக் காட்டியே சந்தோஷப்பட்டிருப்பாள்.

வீட்டு கேட்டருகே நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"உள்ள வாங்க மாமா. டீ போடறேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே விளக்கில்லை. "டிவி அதே எடத்துலதான் இருக்கா?"

"அங்கதான் இருக்கு."

"ம்." சிறிது நேரம் கைப்பிடியைத் துடைத்தார். "அடுத்த தொடருக்கு வந்துடுவான் பாரு."

நான் கேட்டைத் திறந்து உள்ளே நடந்தேன். பின்னால் இரும்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கையை எட்டி, மாமா கேட்டை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். கொண்டி சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.